பனியா, புகையா?

மலையில் புகை தெரிகிறது. ஆகவே அங்கே நெருப்பு இருக்கிறது. அனுமானம் என்றால் என்ன என்று கேட்டால் நியாய நூலாரும் பௌத்த அளவை நூலாரும் சைவ சித்தாந்திகளும் எடுத்துக்காட்டுவது இதைத்தான். கண்டி மலைநாட்டுத் தெல்தோட்டையில் வாழ்கிறவருக்கு இந்த உதாரணம் அத்தனை எளிதானதல்ல. விடிகாலையில் லயன் கூரைகளுக்கு மேல் அடுப்புப் புகை எழும் அதே நேரத்தில் தேயிலைச் சரிவில் பனிமூட்டமும் ஏறிக்கொண்டிருக்கும். எதிர்மலையில் நின்று பார்த்தால் எது புகை, எது பனி என்று கண் பிரித்துச் சொல்லாது.

இந்தச் சிக்கலை மணிமேகலை முன்பே எடுத்துப் பேசியிருக்கிறது. அதன் 29ஆம் காதையில், காஞ்சியில், அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்த அளவை நூலைக் கற்பிக்கிறார். காட்சியும் கருத்தளவையும் ஆகிய இரண்டே அளவைகள் என்கிறார். பிறகு அனுமானம் எங்கெங்கே கெட்டுப்போகும் என்று போலிகளை ஒவ்வொன்றாக வகைப்படுத்துகிறார். அவற்றுள் ஒன்று, கண்ணில் படுவது ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராத நிலையிலேயே அதைப் புகை என்று வைத்துக்கொண்டு, நெருப்பு உண்டென்று துணிவது. அந்த மலையில் நெருப்பு உண்மையிலேயே எரிந்துகொண்டிருந்தாலும் இந்தத் துணிவு அறிவு ஆகாது. சரியான முடிவும் தவறான வழியில் வந்தால் அறிவல்ல என்பது எவ்வளவு கண்டிப்பான நிலைப்பாடு!

ஐயம் தீராமல் முடிவுகட்டுவது தருக்கப் பிழை மட்டுந்தானா, அறப் பிழையுமா? காப்பியத்தில் அந்தக் கேள்வி ஆசிரியர் சொல்லும் பாடமாக இருக்கிறது. மலைநாட்டின் கராஜ்களில் அது தினமும் பணத்தோடும் சில வேளை உயிரோடும் சேர்ந்து வருகிறது.

தெல்தோட்டையையும் கண்டியையும் இணைக்கும் பாதைகளில் ஒன்று கலஹா வழியாகப் பேராதனைக்கு இறங்குகிறது. முடக்குக்கு மேல் முடக்கு. ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும். எதிரே பஸ் வந்தால் ஒதுங்கி நின்று மறுபடி ஏற வேண்டும். இந்தப் பாதையில் 2014க்குப் பிறகு ஜப்பானில் ஓடி முடித்த ஹொண்டா ஃபிட் ஹைபிரிட்டும் வெசல் ஹைபிரிட்டும் வந்து சேர்ந்தன. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் இருந்த வண்டியையே பார்த்துப் பார்த்து ஓட்ட வேண்டியதாயிற்று. பத்து வருடத்தைத் தாண்டிய கியர்பொக்ஸ்கள் இன்றும் இந்த மலையை ஏறிக்கொண்டிருக்கின்றன.

அந்த கியர்பொக்ஸுக்குள் இரண்டு கிளச்கள் உண்டு. ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என்ற ஒற்றை கியர்களை ஒரு கிளச் தாங்குகிறது; இரண்டு, நான்கு, ஆறு மற்றதன் பொறுப்பு. வண்டி இரண்டாம் கியரில் ஓடும்போதே மூன்றாம் கியர் மறு தண்டில் தயாராகக் கோத்து வைக்கப்பட்டிருக்கும். மாறவேண்டிய கணத்தில் ஒரு கிளச் விடுகிறது, மற்றது பிடிக்கிறது. இந்த யோசனை பிரெஞ்சுப் பொறியியலாளர் அடொல்ஃப் கெக்ரெஸ் 1930களின் இறுதியில் வகுத்தது. சந்தைக் கார்களில் பரவலாக வந்தது 2003இல் வொக்ஸ்வாகன் அதைக் கையிலெடுத்த பிறகு. எல்லாம் சரியாக இருக்கும்போது கியர் மாறியதே உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. அடுத்து எந்த கியர் வேண்டும் என்று கணினி முன்கூட்டியே ஊகித்துவிடுவதுதான் அதற்குக் காரணம். இந்த இயந்திரமே அனுமானத்தில்தான் ஓடுகிறது.

கியர் மாறுவதில் தாமதம் என்பது இப்படி வரும். முடக்கைத் திரும்பி ஏற்றத்தில் கால் அழுத்துகிறார் ஓட்டுநர். எஞ்சின் சத்தம் மேலே போகிறது, வண்டி போகவில்லை. ஒரு விநாடி, சில வேளை இரண்டு. பிறகு அடியில் ஒரு தட்டு, முதுகில் ஒரு தள்ளு, கியர் விழுகிறது. பின்னால் லொறி வந்துகொண்டிருந்தால் அந்த ஒரு விநாடி மிக நீளமானது.

கராஜில் பேச்சு பெரும்பாலும் இப்படித் தொடங்கும். “பாஸ், ரெண்டுலருந்து மூணுக்கு மாறும்போது ஒரு மாதிரி நின்னு நின்னு போகுதுங்க.” பாஸ் என்று அழைக்கப்படும் மெக்கானிக்கின் பதில் உடனே வரும். “கிளச் போயிருச்சி தம்பி. செட்டோட மாத்திரலாம்.” பல இலட்சம் ரூபாய் செலவு அந்த ஒரே வாக்கியத்தில் முடிவாகிவிடுகிறது.

கிளச் தேய்ந்திருக்கலாம்தான். ஆனால் அதே தாமதத்தை உண்டாக்கக்கூடியவை இன்னும் பல இருக்கின்றன. கிளச்சைத் தள்ளும் திரவத்தின் அழுத்தம் குறைந்திருக்கலாம். கியரைக் கோக்கும் ஃபோர்க் எங்கே நிற்கிறது என்று சொல்லும் சென்சர் பிழையாகச் சொல்லலாம். சாதாரண 12 வோல்ட் பெட்டரி தளர்ந்து, கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் போதிய மின்னழுத்தம் போகாமல் இருக்கலாம். கிளச் எந்தப் புள்ளியில் தொடத் தொடங்குகிறது என்று கணினி முன்பு கற்றுவைத்திருந்த கணக்கு, தேய்மானத்தால் இன்றைக்குப் பொருந்தாமல் போயிருக்கலாம்.

ஹைபிரிட்டில் இன்னொரு சுற்றுவழியும் உண்டு. ஹொண்டாவின் இந்த அமைப்பில் மின்மோட்டார் ஒற்றை கியர்களின் தண்டோடு சேர்ந்திருக்கிறது. நின்ற இடத்திலிருந்து வண்டியை மெல்ல நகர்த்துவது வழக்கமாக அதன் வேலை. ஏற்றத்தில் நின்று நின்று ஊர்ந்தால் ஹைபிரிட் பெட்டரியில் மின் தீர்ந்துபோகும். அப்போது எஞ்சின்தான் இழுக்க வேண்டும், கிளச் வழுக்கி வழுக்கிப் பிடிக்க வேண்டும், சூடேறும். சூடு அளவு கடந்தால் தன்னைக் காத்துக்கொள்ள கணினி கிளச்சை நிதானமாகவே இயக்கும். அந்தப் பெட்டரி பழையதாகி மின்னைத் தேக்க முடியாமல் போயிருந்தால், அல்லது அதைக் குளிர்விக்கும் காற்றுவழி தூசியால் அடைபட்டிருந்தால், வியாதியின் வேர் பின்பக்கத்தில். வலி தெரிவது முன்பக்கத்தில். இது இருந்தால் அது உண்டாகிறது, இது ஒழிந்தால் அது ஒழிகிறது என்று பௌத்தம் சார்புத் தோற்றத்தைச் சொல்வதன் பொருளை உலோகத்தில் காண விரும்புகிறவர் இந்தச் சங்கிலியைப் பின்தொடரலாம்.

அப்படியானால் ஐயத்தைத் தீர்ப்பது எப்படி? பழைய அளவை நூல்கள் சொன்ன வழியே கராஜுக்கும் பொருந்துகிறது: உடன் இருத்தலையும் உடன் இல்லாமையையும் பார்ப்பது, அதாவது அன்னுவயமும் வெதிரேகமும். தாமதம் காலையில் குளிர்ந்த வண்டியில் உண்டா, மலை ஏறிய பிறகு மட்டுந்தானா? ஒற்றை கியர்களுக்குப் போகும்போது மட்டுமா, இரட்டைக்குப் போகும்போதும் உண்டா? ஒரு பக்கத்தில் மட்டும் என்றால் சந்தேகம் அந்தப் பக்கத்துக் கிளச்சிலும் தண்டிலும் குவிகிறது. இரண்டு பக்கமும் என்றால் இரண்டுக்கும் பொதுவானதைத் தேட வேண்டும்: திரவம், மின்னழுத்தம், மென்பொருள், சூடு. கையால் கியரைத் தெரிவுசெய்து ஓட்டும்போது தாமதம் மறைந்தால், இரும்பைவிட ஊகத்தின் பக்கம் சந்தேகம் சாய்கிறது. இவற்றில் எதற்கும் ஒரு போல்ட்டைக் கூடக் கழற்றத் தேவையில்லை. கேட்கவும் ஓட்டிப் பார்க்கவும் நேரம் வேண்டும், அவ்வளவுதான்.

இன்று பெரும்பாலான பாஸ்மார் ஸ்கேனரைப் பொருத்திப் பார்க்கிறார்கள். நல்லது. ஆனால் ஸ்கேனர் காட்டும் குறியீடு எந்த வகை அறிவு? அது காட்சியல்ல, கணினி தான் கண்டதாகச் சொல்லும் சாட்சி. சைவ சித்தாந்த மொழியில் அது உரை. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் அளவைகளைக் காட்சி, கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடக்குகிறார். உரை அளவையாவது, சொல்கிறவர் குற்றமற்றவராக இருக்கும்போதுதான். சித்தாந்திக்கு அந்தத் தகுதி இறைவன் நூலுக்கு உண்டு. கார்க் கணினிக்கு உண்டா?

ஹொண்டாவின் சொந்த வரலாறே பதில் சொல்கிறது. 2013 செப்டம்பரில் ஜப்பானில் ஃபிட் ஹைபிரிட் வந்தது, டிசம்பரில் வெசல். 2014 பெப்ரவரியில் 81,000க்கும் மேற்பட்ட வண்டிகளை நிறுவனம் மீள அழைத்தது. முதல் கியர் சரியாகக் கோர்வையாகாமல் வண்டி புறப்படத் தாமதிக்கலாம், நகராமலே போகலாம் என்பது குறை. தவறு கியர்பொக்ஸைக் கட்டுப்படுத்தும் மென்பொருளில் இருந்தது. அக்டோபர் வரையிலான ஓராண்டுச் சுற்றில் ஃபிட் ஐந்து முறை மீள அழைக்கப்பட்டது. ஹொண்டாவின் தலைவர் உட்பட உயர் அலுவலர்கள் தங்கள் சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தார்கள். சாட்சி சொல்ல வேண்டிய கணினியே குற்றவாளியாக இருந்த வழக்கு அது. ஒரு வண்டிக்கு அந்தத் திருத்தம் நடந்ததா என்பதை அதன் செஸி இலக்கத்தைக் கொண்டு ஜப்பானிய ஹொண்டாவின் பதிவில் பார்க்கலாம். கிளச்சை இறக்குவதற்கு முன் செய்யவேண்டிய வேலை இது, செலவும் இல்லை.

சாட்சியை எப்படிச் சோதிப்பது என்பது கண்டிக்கு அந்நியமான கேள்வியல்ல. காலாமருக்குப் புத்தர் சொன்ன உபதேசம், கேள்விப்பட்டது என்பதற்காகவோ மரபு என்பதற்காகவோ நூலில் உள்ளது என்பதற்காகவோ மட்டும் ஏற்காதே என்கிறது. வெறும் தருக்கத்துக்காகவும் ஏற்காதே என்று அது சேர்த்துச் சொல்வதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கலஹா வீதி ஊடறுத்துச் செல்லும் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் பேராசிரியராக இருந்த கே. என். ஜயதிலக்க, ஆதி பௌத்தத்தின் அறிவுக் கொள்கையைப் பற்றி 1963இல் ஒரு பெரும் நூல் வெளியிட்டார். கேம்பிரிட்ஜில் விட்கென்ஸ்டைனிடம் பாடம் கேட்டவர் அவர். நூல் சாட்சியையும் தருக்கத்தையும் ஆதி பௌத்தம் எந்த எல்லைவரை நம்பியது என்று பாளி நூல்களைக் கொண்டு அவர் ஆராய்ந்த வளாகத்தின் வழியாகத்தான் தெல்தோட்டை வண்டிகள் கண்டிக்குப் போய்வருகின்றன.

இனி, மாற்றிப் பார்த்த வண்டி சரியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கிளச்சை மாற்றினார், தாமதம் போயிற்று. இப்போதாவது அறிந்துவிட்டோமா?

தெல்தோட்டையின் முஸ்லிம் மக்களுக்கு நன்கு தெரிந்த பெயர் இமாம் கஸ்ஸாலி. 1111இல் மறைந்த இந்த ஷாஃபிஈ அறிஞர், மெய்யியலாரை மறுத்து எழுதிய நூலின் 17ஆம் விவாதத்தில் பஞ்சையும் நெருப்பையும் எடுத்துக்கொள்கிறார். நெருப்புப் பட்டதும் பஞ்சு எரிகிறது. கண் காண்பது இரண்டும் சேர்ந்து நிகழ்வதை மட்டுமே. ஒன்றால் மற்றது நிகழ்ந்தது என்பதை எந்தக் கண்ணும் காணவில்லை. எரிப்பவன் இறைவன் என்பது அவருடைய முடிவு. அதை ஏற்காதவரும் அவர் பிரித்துக் காட்டிய கோட்டை ஏற்றே ஆகவேண்டும். இதைக் கொண்டு அவர் மருத்துவத்தையோ வானியலையோ தள்ளிவிட்டார் என்று நினைப்பது தவறு. கிரகணக் கணக்கை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவன் மார்க்கத்துக்கே தீங்கு செய்கிறான் என்று அதே நூலின் முன்னுரையில் கண்டிக்கிறார்.

கராஜில் அந்தக் கோடு எங்கே விழுகிறது என்று பாருங்கள். புதிய கிளச் பொருத்தியதும் அதன் தொடுபுள்ளியைக் கணினிக்கு மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும். ஸ்கேனரைக் கொண்டு செய்யும் வேலை அது. வேலையின்போது பெட்டரிக் கம்பியும் கழற்றப்பட்டு மீண்டும் இறுக்கப்படுகிறது, திரவமும் மாற்றப்படுகிறது. நான்கு காரியங்கள் சேர்ந்து நடந்தன, வண்டி குணமானது. புகழ் கிளச்சுக்குப் போகிறது. கற்றுக்கொடுத்தலை மட்டும் முதலில் செய்திருந்தால் பழைய கிளச்சோடே வண்டி ஓடியிருக்குமோ? இப்போது அறிய வழியில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்ற கராஜ் ஒழுங்கு, கஸ்ஸாலியின் கேள்விக்கு மனிதரால் கொடுக்கக்கூடிய மிகச் சிறந்த பதில்.

காரணம் ஒன்றே என்று தேடுவதிலும் ஒரு கோளாறு இருக்கிறது. குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவர் நிமித்தகாரணம் என்று சித்தாந்தம் மூன்றாகப் பிரிக்கிறது. உலகத்துக்கு இறைவன் எவ்வகைக் காரணம் என்று காட்ட எழுந்த பிரிவு அது. இந்தத் தாமதத்துக்கும் அது ஒளி தருகிறது: தேயக்கூடிய உராய்வுத் தட்டு முதல், ஏற்றமும் சூடும் துணை, எப்போது பிடி, எப்போது விடு என்று ஆணையிடும் மென்பொருள் நிமித்தம். முதலை மாற்றிவிட்டு மற்ற இரண்டையும் அப்படியே விட்டால், புதிய தட்டும் பழையதன் வழியே போகும்.

இதே மலைகள் இதைப் பெரிய விலை கொடுத்துக் கற்றவை. இங்கே முன்பு கோப்பி. 1869இல் இலங்கையில் இலைத்துரு நோய் தெரியவந்தது. மண் களைத்துவிட்டது, மழை பிழைத்துவிட்டது, உரம் போதவில்லை என்று தோட்டக்காரர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். 1880இல் வந்து இரண்டு ஆண்டுகள் ஆராய்ந்த ஹரி மார்ஷல் வார்ட், நோயைத் தருவது பூஞ்சணமே என்றும் அதன் வித்துகள் காற்றில் பரவுகின்றன என்றும் காட்டினார். இடைவெளியில்லாமல் ஒரே பயிரை மலை மலையாக நட்டதுதான் அதற்கு வழி திறந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னார். முதலையும் துணையையும் ஒருசேரக் கண்ட ஆய்வு அது. ஆனால் கோப்பி அதற்குள் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. தெல்தோட்டைக்கு அருகே லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் நட்ட தேயிலைதான் பிறகு இந்த மலைகளின் தலையெழுத்தை மாற்றியது. தமிழ்த் தொழிலாளரின் தலையெழுத்தையும்.

தலையெழுத்து என்ற பேச்சு கராஜிலும் வரும். கண்பட்டுவிட்டது, சனி பிடித்திருக்கிறது, செய்த வினை. வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைத்து, கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டுக் கராஜுக்கு வருகிறவர் எந்தத் தவறும் செய்யவில்லை. அது மனத்துக்கு வேண்டிய காப்பு. ஆபத்து, வினை என்ற சொல் விசாரணையை முடித்துவைக்கும்போதுதான் வருகிறது. புத்தரிடம் சீவகர் என்ற பரிவிராசகர், அனுபவிப்பது எல்லாம் பழைய வினையாலா என்று கேட்டதாகச் சங்யுத்த நிகாயத்தில் ஒரு சூத்திரம் உண்டு. பித்தம், சிலேத்துமம், வாதம், மூன்றும் கூடியது, பருவ மாற்றம், முறைகேடான நடத்தை, வெளியிலிருந்து வரும் அடி, வினைப்பயன் என்று எட்டை எண்ணுகிறார் புத்தர். வினை எட்டில் ஒன்று. எல்லாமே வினை என்பவர் தாமே அறிந்ததையும் உலகம் அறிந்ததையும் மீறிப் பேசுகிறார் என்கிறார். வினைக் கோட்பாட்டைக் கற்பித்தவரே அதற்கு எல்லை வகுத்த இடம் அது.

வினையைப் பிழையாகச் சுமத்துவது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. ஃபோர்ட் நிறுவனம் 2011 முதல் 2015 வரை விற்ற ஃபியெஸ்டா, ஃபோகஸ், எகோஸ்போர்ட் கார்களின் இரட்டைக் கிளச் கியர்பொக்ஸ்கள் நடுங்கின, இழுத்தன, தாமதித்தன. அவுஸ்திரேலியாவில் முறையிட்டவர்களில் பலரிடம், நீங்கள் ஓட்டும் விதந்தான் காரணம் என்று சொல்லப்பட்டது. கியர்பொக்ஸில் குறை இருப்பதை நிறுவனம் அறிந்திருந்தும் அப்படிச் சொன்னது. 2018இல் அந்நாட்டு ஃபெடரல் நீதிமன்றம் ஃபோர்ட் அவுஸ்திரேலியாவுக்கு 1 கோடி அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதித்தது. தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இங்கே விடை தெரிகிறது. ஐயம் தீராமல் துணிவது அறிவின் குறை. அந்தத் துணிவின் சுமையை எதிரே நிற்கும் மனிதர் தலையில் ஏற்றும்போது அது அறத்தின் குறையாகிறது. கண்டி நீதிமன்றம் வரை போகாத ஒரு சிறு கராஜின் தீர்ப்புக்கும் இது பொருந்தும்: “கிளச் போயிருச்சி” என்ற சொல்லுக்கு லீசிங் கட்டிக்கொண்டிருக்கும் ஓர் ஆசிரியையோ பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிச் செல்பவரோ விலை கொடுக்கிறார்.

ஒரு மறுப்பு எழலாம். அம்பு தைத்தவன், எய்தவன் யார், வில் எந்த மரம் என்று கேட்டுக்கொண்டிருந்தால் செத்துப்போவான் என்பதும் புத்தர் சொன்ன கதைதானே? ஆம். முடக்கில் வண்டி திணறி, திரையில் சூட்டு எச்சரிக்கை எழுந்தால், அது மென்பொருளா தட்டா என்று யோசிக்கும் நேரமல்ல. ஒதுக்கி நிறுத்தி ஆறவிட வேண்டும். செயலுக்கு ஐயம் தடையாகக் கூடாது. ஆனால் ஆறவிட்டவர் காரணத்தை அறிந்துவிட்டதாகச் சொல்லவில்லை. அம்பைப் பிடுங்கும் மருத்துவரும் அது எங்கே, எவ்வளவு ஆழத்தில் தைத்திருக்கிறது என்று பார்த்த பிறகே பிடுங்குகிறார்.

ஆறிய வண்டியால் வரும் சிக்கல் இன்னொன்று. மலையில் திணறிய வண்டி, கராஜ் வாசலில் குளிர்ந்து நிற்கும்போது கியரை ஒழுங்காக மாற்றும். இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, “ஒண்ணும் இல்லீங்க, நல்லாத்தானே இருக்கு” என்று அனுப்பிவிடுவார்கள். அளவை நூல்களில் அபாவம் என்று ஒன்று பேசப்படுகிறது: இங்கே குடம் இல்லை என்று அறிவது. குடம் இருந்திருந்தால் கண்ணுக்குத் தெரிந்திருக்கும் என்ற சூழ்நிலையில் மட்டுமே காணாமை இல்லாமைக்குச் சான்றாகும் என்று நிபந்தனை போட்டார்கள். இருட்டறையில் குடத்தைக் காணவில்லை என்பதால் குடம் இல்லை என்று ஆகாது. தட்டையான தெருவில், குளிர்ந்த கிளச்சோடு, பெட்டரி நிறைந்த வண்டியை ஓட்டிப் பார்ப்பது இருட்டறையில் தேடுவதுதான்.

ஆகவே சோதனை நடக்கவேண்டிய இடம் மலைப்பாதை. ஸ்கேனரைப் பொருத்திய நிலையில், வழக்கமான சுமையோடு, உரிமையாளர் பக்கத்தில் அமர்ந்திருக்க, தாமதம் வரும் அந்த ஏற்றத்திலேயே ஓட்ட வேண்டும். கணினி கேட்ட கியர் எது, விழுந்த கியர் எது, கிளச்சின் சூடு எவ்வளவு, பெட்டரியில் மின் எவ்வளவு என்ற நான்கையும் அந்தக் கணத்திலேயே பதிந்துகொள்ள வேண்டும். இதற்கு ஒரு மணி நேரமும் பெற்றோலும் செலவாகும். அந்த ஒரு மணி நேரத்துக்குக் கூலி கேட்கும் பாஸுக்கு முகஞ்சுளிக்காமல் கொடுக்க வண்டிக்காரர்கள் பழக வேண்டும். கழற்றுவதற்கு மட்டுமே காசு, கண்டறிவதற்குக் காசில்லை என்ற வழக்கம் இருக்கும்வரை எந்த பாஸும் முதலில் ஸ்பேனரைத்தான் எடுப்பார்.